தணிக்கையாளர் கண்ணில் படாத கேசட்டுகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் திரைப்படத் தணிக்கை பற்றி எழுதியபோது, 1980களில் பிரிட்டனைக் கலக்கிய ‘வீடியோ நாஸ்டி’ விவகாரத்தை ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ‘வீடியோ நாஸ்டி’ என்பது ஒரு படத்தின் பெயரா, ஒரு வகைப் படங்களின் பெயரா? பிரிட்டனில் அப்போதே தணிக்கை வாரியம் இருந்ததே. அதை மீறி அத்தகைய படங்கள் எப்படி வெளிவந்தன?
— வாசகர் ஒருவர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டுமல்ல, பத்திரிகைகள் சூட்டிய வசைப்பெயர் அது. ‘அருவருப்பான வீடியோ’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குள் இத்தாலிய நரமாமிசப் படங்களும், அமெரிக்க இளைஞர்கள் சொற்பச் செலவில் எடுத்த பேய்ப்படங்களும், நாஜி முகாம்களைக் கதைக்களமாக்கிய மலிவான படங்களும், ஓரிரு நல்ல படங்களும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன.

பிரிட்டனின் தணிக்கை வாரியம் 1912இல் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் அதன் சான்றிதழ் திரையரங்குக்கு மட்டுமே உரியது. 1970களின் இறுதியில் வி.சி.ஆர். (நம்மில் பலர் ‘டெக்’ என்றே சொல்லிப் பழகிய அதே பெட்டி) வீடுகளுக்குள் நுழைந்தபோது, கேசட் என்றொரு பொருளைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. எனவே வாரியம் வெட்டிய படத்தையும், வேண்டாமென்று திருப்பியனுப்பிய படத்தையும், வாரியத்தின் வாசற்படியே மிதிக்காத படத்தையும் கேசட்டில் பதிவுசெய்து அலமாரியில் வைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரிய அமெரிக்கப் படநிறுவனங்கள் திருட்டுப் பிரதிகளுக்கு அஞ்சித் தம் படங்களைக் கேசட்டாக வெளியிடத் தயங்கிக்கொண்டிருந்தன. அந்த வெற்றிடத்தில் சிறு விநியோகஸ்தர்கள் புகுந்து, குறைந்த விலைக்குக் கிடைத்த திகில் படங்களின் உரிமைகளை வாங்கிக் குவித்தனர். கேசட் கடைகளில் மட்டுமன்றி, நாளிதழும் சிகரெட்டும் விற்கும் தெருமுனைக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும்கூட அவை வாடகைக்குக் கிடைத்தன.

பெயர் தெரியாத நடிகர்கள், பெயர் தெரியாத இயக்குநர் என்ற நிலையில் வாடிக்கையாளரை இழுக்க விநியோகஸ்தரிடம் இருந்த ஒரே கருவி அட்டைப்படம். 1982இல் ‘தி டிரில்லர் கில்லர்’ படத்துக்காக வீடியோ இதழ்களில் வந்த விளம்பரம், ஒருவனது நெற்றியைத் துளைப்பான் துளைத்து இரத்தம் வழியும் காட்சியை முழுப் பக்கத்தில் காட்டியது. விளம்பரங்களுக்கான தர ஆணையத்துக்குப் புகார்கள் போயின. அதே ஆண்டு மே மாதம் ‘சண்டே டைம்ஸ்’ இதைப் பற்றி எழுத, 1983இல் ‘டெய்லி மெயில்’ இத்தகைய வீடியோக்களைத் தடைசெய்யக் கோரும் இயக்கமாகவே அதை வளர்த்தெடுத்தது. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் வன்முறை வீடியோ கேசட்டுகளுக்கு எதிரான சட்டம் ஒரு வாக்குறுதியாக இடம்பெற்றது. ஓர் அட்டைப்படம் தேர்தல் அறிக்கை வரை போய்ச் சேர ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே பிடித்தது.

கேள்வி: என் அண்ணன் அந்த ஆண்டுகளில் லண்டனில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தார். போலீசார் வந்து, என்ன ஏது என்று பார்க்காமல் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று இன்றும் சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்று எனக்கு ஐயம்.
— வாசகர் ஒருவர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: கூட்டிச் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கேசட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், காவல்துறை 1959ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரச் சட்டத்தைக் கையிலெடுத்தது. பார்ப்பவரின் ஒழுக்கத்தைச் சீர்குலைத்துக் கெடுக்கும் தன்மையுடையதா என்பதே அச்சட்டத்தின் அளவுகோல். பெரும்பாலும் பாலியல் நூல்களுக்கென்று கருதப்பட்ட அந்த அளவுகோலை இரத்தம் சிந்தும் படங்களுக்குப் பொருத்தியபோதுதான் குழப்பம் தொடங்கியது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கடைக்காரர் மீதோ விநியோகஸ்தர் மீதோ குற்றவழக்குத் தொடுத்து, ஜூரியின் முன் நிறுத்தி, அபராதமோ சிறையோ வாங்கித் தருவது. மற்றொன்று, ஆளை விட்டுவிட்டு, மாஜிஸ்திரேட்டின் ஆணை பெற்றுக் கேசட்டை மட்டும் பறிமுதல் செய்து அழிப்பது. வழக்குச் செலவைத் தாங்க முடியாத சிறு கடைக்காரர்கள் பலர் பேசாமல் கேசட்டுகளை விட்டுக்கொடுத்துவிட்டனர்.

அள்ளிப் போனவற்றில் என்னென்ன இருந்தன என்பதை நினைத்தால் உங்கள் அண்ணன் சொல்வது எவ்வளவு சரி என்பது விளங்கும். டாலி பார்ட்டன் பாடி நடித்த ‘தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்சாஸ்’ என்ற இசைப்படம், தலைப்பில் விலைமாதர் இல்லம் இருந்த ஒரே குற்றத்துக்காகப் பறிமுதலானது. சாமுவேல் ஃபுல்லரின் இரண்டாம் உலகப்போர்ப் படமான ‘தி பிக் ரெட் ஒன்’ எதற்காகப் போனது என்பதை அதன் தலைப்பை மட்டும் படித்த அதிகாரியின் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

எதை வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கக்கூடாது என்று வியாபாரிகள் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு, 1983இல் அரசுத் தரப்பு வழக்குகளுக்கான இயக்குநரின் அலுவலகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. வழக்குத் தொடுக்கப்பட்ட அல்லது தொடுக்கப்படக்கூடிய படங்களின் பெயர்கள் அதில் இருந்தன. பட்டியல் அவ்வப்போது மாறியது. இம்முறை நீங்கிய பெயருக்குப் பதிலாக அடுத்த முறை இன்னொன்று ஏறியது. மொத்தம் 72 படங்கள் ஏதேனும் ஒரு சமயத்தில் அதில் இருந்தன. அவற்றில் 39 மட்டுமே நீதிமன்றத்தில் ஆபாசமானவை என்று தீர்ப்பாயின, மீதி 33 கைவிடப்பட்டன. ‘நைட்மேர்ஸ் இன் எ டேமேஜ்டு பிரெயின்’ என்ற படத்தின் விநியோகஸ்தர் சிறைக்கே போனார். வாரியம் திரையரங்குக்கு அனுமதித்ததைவிடச் சற்று நீளமான பிரதியை அவர் கேசட்டாக வெளியிட்டிருந்தார்.

‘தி ஈவில் டெட்’ படத்தின் கதை இன்னும் விசித்திரமானது. தணிக்கை வாரியம் அதில் 49 விநாடிகளை வெட்டித் திரையரங்குக்குச் சான்றிதழ் வழங்கியிருந்தது. அதே வெட்டிய பிரதியே 1983இல் கேசட்டாகவும் வந்து, அவ்வாண்டின் மிகப் பிரபலமான கேசட்டுகளில் ஒன்றாயிற்று. அதாவது, சாலையின் ஒரு பக்கத்தில் இருக்கும் திரையரங்கில் சான்றிதழோடு ஓடிக்கொண்டிருந்த படத்தை, எதிர்ப்பக்கக் கடையில் வைத்திருந்தவர் குற்றவாளி. விநியோகித்த நிறுவனம் வழக்காடி விடுதலை பெற்றது; 1985இல் படம் பட்டியலிலிருந்து நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அதே கேசட்டுக்காக வழக்கைச் சந்தித்த கடைக்காரர்களுக்கு அந்த விடுதலையால் என்ன பயன்?

கேள்வி: இப்படங்களைத் தடைசெய்யக் கோரி இத்தனை ஆர்ப்பாட்டம் செய்த ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி வொயிட்ஹவுஸ் அம்மையார் அந்தப் படங்களைப் பார்த்தாரா?
— வாசகி ஒருவர், நாகர்கோவில்

பதில்: பார்க்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையில்லை என்றே சொன்னார்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், அந்தப் படங்கள் அவ்வளவு மோசமானவையா?
— கல்லூரி மாணவர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலானவை மோசமான படங்கள்தான், ஆனால் பத்திரிகைகள் சொன்ன பொருளில் அல்ல. சலிப்பூட்டும் படங்கள். மேலே சொன்ன ‘தி டிரில்லர் கில்லர்’ படத்தை நான் பார்த்திருக்கிறேன். நியூயார்க்கில் வாடகை கட்ட வழியில்லாத ஓவியன் ஒருவன் எருமையின் ஓவியமொன்றை முடிக்கமுடியாமல் திணறுகிறான்; பக்கத்து அறையில் பங்க் இசைக்குழு ஒன்று இரவு பகலாக ஒத்திகை நடத்தி அவன் உயிரை வாங்குகிறது. அட்டையில் இருக்கும் துளைப்பான் வரும் வரை பார்ப்பவர் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. விளம்பரம் மட்டும் வேறாக இருந்திருந்தால் இப்படத்தின் பெயர் அன்றே மறந்துபோயிருக்கும்.

எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது. ருகெரோ டியோடாட்டோவின் ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ 1980இல் வந்தது. காணாமற்போன ஆவணப்பட ஆட்கள் விட்டுச்சென்ற படச்சுருள் என்ற பாவனையில் எடுக்கப்பட்டதால், நடிகர்களை உண்மையாகவே கொன்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டை அவர் இத்தாலியில் எதிர்கொண்டு, அவர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியதாயிற்று. மனிதர்கள் சாகவில்லை, ஆனால் விலங்குகள் படப்பிடிப்பில் உண்மையாகவே கொல்லப்பட்டன. இதைப் பார்த்து எவரேனும் முகம் சுளித்தால் அதைப் பத்திரிகைப் பீதி என்று நான் சொல்லமாட்டேன். இதே படத்துக்கு விளம்பரம் தேட, பிரிட்டிஷ் விநியோகஸ்தரே வொயிட்ஹவுஸ் அம்மையாருக்குப் புகார்க் கடிதம் எழுதினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கல்லை எறிந்தவர் அதே கல் தம் தலையில் விழுந்தபோது என்ன நினைத்தாரோ.

இன்னொரு கோடியில் ‘பொசஷன்’ இருக்கிறது. ஆந்த்ரே ஜுவாவ்ஸ்கி இயக்கிய இப்படத்துக்காக இசபெல் அஜானி 1981இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். மேற்கு பெர்லினில் முறிந்துபோகும் ஒரு திருமணத்தைப் பற்றிய அந்தப் படமும் 72இல் ஒன்று. பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு அதற்கும் நரமாமிசப் படத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதைவிட, வேறுபாடு பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: ஆறு வயதுக் குழந்தைகளில் 40 சதவீதம் பேர் இப்படங்களைப் பார்த்திருந்ததாக அங்கு ஓர் ஆய்வு சொன்னதாமே? அப்படியானால் அச்சம் நியாயமானதுதானே?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், விழுப்புரம்

பதில்: அந்த எண்ணை நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன, நாடாளுமன்ற விவாதத்திலும் அது பேசப்பட்டது. லூட்டன் சவுத் தொகுதி உறுப்பினர் கிரஹாம் பிரைட் தனிநபர் மசோதா கொண்டுவந்திருந்த வேளை அது. மிகக் கொடூரமான காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்பு ஒன்றையும் உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் படத்தையும், ஏன், நம் புராணப் படங்களைக்கூட, கொலைக்காட்சிகளை மட்டும் பிரித்தெடுத்து அடுத்தடுத்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எண் எப்படி வந்தது? படங்களின் பெயர்களைத் தாளில் அச்சிட்டுக் குழந்தைகளிடம் கொடுத்து, எவற்றைப் பார்த்தாய் என்று குறிக்கச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பையன் கை தூக்கியபின் தூக்காமலிருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது? கை கம்பர்பேட்ச், பால் பேட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தனர். பதினோரு வயது மாணவர்களிடம் அதே போன்ற ஒரு பட்டியலைக் கொடுத்து, அதற்குள் உலகில் இல்லாத படங்களின் பெயர்களையும் தாமாகப் புனைந்து சேர்த்துவிட்டனர். அந்த இல்லாத படங்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னவர்கள் 68 சதவீதம். இந்த எண் முதல் எண்ணைப் போலக் கொட்டை எழுத்தில் வரவில்லை.

கிரஹாம் பிரைட் ஒரு படி மேலே போனார். இத்தகைய படங்கள் பிள்ளைகளை மட்டுமல்ல, நாய்களையும் பாதிக்கும் என்று ஆய்வு காட்டும் எனத் தாம் நம்புவதாகத் தொலைக்காட்சி கேமராவின் முன்னாலேயே சொன்னார். அவரது மசோதாதான் 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுகள் சட்டமானது.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் படித்தால் தணிக்கையே வேண்டாம் என்பது போலத் தொனிக்கிறது. இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்க்கும் தாயாகக் கேட்கிறேன், வீட்டுக்குள் வரும் படத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?
— வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டும், அம்மா. திரையரங்கில் வயது கேட்டு உள்ளே விடுவதற்கு வாசலில் ஓர் ஆள் நிற்கிறார். வீட்டில் அப்படி எவரும் இல்லை. அத்துடன், அரங்கில் ஒருமுறை கடந்துபோகும் காட்சியை வி.சி.ஆர். பெட்டியில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், அந்த ஒரு காட்சியை மட்டும் பத்து முறை பார்க்கலாம். 1975 முதல் 1999 வரை வாரியத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் ஃபெர்மன், குறிப்பாகப் பெண்கள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளைப் பொறுத்தவரை இந்த வாதத்தைத் திரும்பத் திரும்ப முன்வைத்தார். இதை மறுக்க என்னிடம் சரியான பதில் இல்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டில் பார்க்கப்படும் சாத்தியத்தைத் தனியே கருத்தில் கொள்ளும்படி வாரியத்தைப் பணித்தது. சான்றிதழ் இல்லாத கேசட்டை விற்றால் 20,000 பவுண்டு வரை அபராதம் என்றது. வாரியத்தின் பெயரிலும் ‘தணிக்கை’ போய் ‘வகைப்படுத்தல்’ வந்தது.

கடைக்காரர்களுக்கு அச்சட்டம் ஒருவகையில் நிம்மதி அளித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையில் 18 என்று போட்டிருந்தால் எவருக்குக் கொடுக்கலாம், எவருக்குக் கூடாது என்பது இனி தெளிவு. என் சண்டை அந்த எண்ணோடு அல்ல. வயது வந்தவர்கூட இன்னின்ன படங்களைப் பார்க்கலாகாது என்ற முடிவோடும், அதை எட்டிய வழியோடும்தான். ‘தி டெக்சாஸ் செயின்சா மேசக்கர்’ படத்தை வாரியம் 1970களில் மறுத்தபோது, பெருநகர லண்டன் மன்றம் தன் எல்லைக்குள் மட்டும் அனுமதித்தது. எனவே லண்டன்வாசி அதை அரங்கில் பார்க்கலாம் என்றிருந்தது. புதிய சட்டம் வந்தபின் அதே படத்தைத் தம் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சட்டப்படி வாங்கிய கேசட்டில் பார்க்க நாற்பது வயதுக்காரருக்கும் வழியில்லை. அதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: 1993இல் லிவர்பூலில் ஒரு பச்சிளம் குழந்தையைச் சிறுவர் இருவர் கொன்றதற்கும் ஒரு வீடியோ படமே காரணம் என்று படித்திருக்கிறேன்.
— வாசகர் ஒருவர், புதுச்சேரி

பதில்: கொல்லப்பட்ட குழந்தைக்கு இரண்டு வயது, கொன்றவர்களுக்குப் பத்து வயது. அந்தத் துயரத்தைப் பற்றி எழுதும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதே முறை. தீர்ப்பளித்த நீதிபதி, வன்முறை வீடியோக்களைப் பார்த்ததும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று ஐயம் தெரிவித்தார். படத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. பத்திரிகைகள் ‘சைல்ட்ஸ் பிளே 3’ என்ற படத்தைப் பிடித்துக்கொண்டன, சிறுவருள் ஒருவனின் தந்தை அதை வாடகைக்கு எடுத்திருந்தார் என்பதால். வீட்டிலுள்ள கேசட்டைக் கொளுத்துங்கள் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் அழைப்பு விடுத்தது. அந்தச் சிறுவர்கள் படத்தைப் பார்த்ததற்கான சான்று காவல்துறைக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 1994இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு படத்தால் நேரக்கூடிய தீங்கையும் வாரியம் எடைபோட வேண்டும் என்ற விதி சேர்ந்தது.

கேள்வி: அந்த 1984ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாத சட்டம் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
— வாசகர் ஒருவர், சேலம்

பதில்: பந்தயப் பணத்தை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். இத்தகைய விதிகளைக் கொண்டுவரும்போது அவற்றை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. 1984இல் எவரும் தெரிவிக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்டில்தான் இந்த விடுபாடு வெளிப்பட்டது. தெரிவிக்கப்படாத சட்டத்தை நடைமுறைப்படுத்த இயலாது. நடந்துகொண்டிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. பழைய தண்டனைகளைத் திரும்பத் திறக்க முடியாது என்று அரசு கூறிவிட்டது. 2010 ஜனவரியில் அதே சட்டத்தை நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி ஓட்டையை அடைத்தது. ஒரு கேசட்டின் ஒவ்வொரு விநாடியையும் கணக்குப் பார்த்து வெட்டிய அரசு, ஓர் அறிவிப்பை அனுப்ப மறந்திருக்கிறது!

கேள்வி: அந்த 72 படங்களும் இன்றும் தடையில் இருக்கின்றனவா?
— வாசகர் ஒருவர், மதுரை

பதில்: மிகப் பெரும்பாலானவை இன்று குறுந்தகட்டில் கிடைக்கின்றன. ‘தி ஈவில் டெட்’ 2001இல் வெட்டின்றி வந்தது. ‘தி டிரில்லர் கில்லர்’ 2002இல். ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ 2011இல் ஏறத்தாழ 15 விநாடி வெட்டோடு வந்தது; வெட்டுப்பட்டது விலங்கொன்றைக் கொல்லும் காட்சி, அந்த வெட்டு சரியானதே என்பேன். ஒரு காலத்தில் தேசத்தின் பிள்ளைகளைக் கெடுக்கவிருந்த ‘டோன்ட் கோ இன் த வுட்ஸ்’ படத்துக்கு 2007இல் 15 வயதுச் சான்றிதழே போதுமானதாயிற்று. அதாவது பள்ளி மாணவர் பார்க்கலாம்.

தடைக்காலத்தில் அவை அழிந்துவிடவுமில்லை. அரசு வெளியிட்ட பட்டியலே எவற்றைத் தேட வேண்டும் என்று இளைஞர்களுக்கு வழிகாட்டியது. பிரதியெடுத்ததிலிருந்து பிரதியெடுத்து, நிறம் வழிந்து, குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும் கேசட்டுகள் கைமாறின. இருட்டில் என்ன நடக்கிறதென்றே தெரியாத அந்தப் பிரதிகளில் படங்கள் உண்மையைவிடக் கொடூரமாகத் தோன்றியிருக்கும்.

சட்டத்துக்கு முந்தைய அசல் கேசட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள ‘தி டிரில்லர் கில்லர்’ கேசட்டை எனக்குக் காட்டினார். உறையைத் திறந்தபோது நாடாவின் மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. போட்டுப் பார்க்க அவரிடம் பெட்டியும் இல்லை, எப்போதோ விற்றுவிட்டாராம். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைப்படம் மட்டும், நெற்றி, துளைப்பான், சிவப்பு எல்லாம் சேர்த்து, நேற்று அச்சடித்தது போலவே இருந்தது.